முதியோர் மறுவாழ்வுச் சிகிச்சையில் மெய்நிகர்த் தொழில்நுட்பம்

இந்தியாவில் 2011ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம். மொத்த மக்கள்தொகையில் இது 8.6 விழுக்காடு. இவர்களுள் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். 2050ஆம் ஆண்டில் முதியோரின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டும் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும், மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இணைந்து 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டுள்ளது.

மக்களின் ஆயுள் நீண்டிருப்பது நாட்டின் மருத்துவத் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் பெற்ற வெற்றியாகும். ஆனால், கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகளை ஒரு முதியவர் பிறர் துணையின்றி எழுந்து, நடந்து, தம் கடன்களைத் தாமே முடித்துக் கொண்டு வாழ்கிறார் என்பது வேறொரு கேள்வி. படுக்கையிலிருந்து கழிவறை வரை உள்ள பத்தடித் தொலைவைத் தாமே கடக்க இயலுமா, இயலாதா என்பதைப் பொறுத்து ஒரு முதியவரின் மதிப்புணர்வும், அவரைப் பேணும் குடும்பத்தின் உழைப்பும் வருவாயும் மாறிவிடுகின்றன. இந்த ஆற்றலைக் காப்பதும், இழந்தவர்க்கு மீட்டுத் தருவதும் மறுவாழ்வுச் சிகிச்சையின் நோக்கமாகும். இச்சிகிச்சைக்குத் துணையாக அண்மை ஆண்டுகளில் வந்துள்ள மெய்நிகர்த் தொழில்நுட்பத்தின் பயன், வரம்பு ஆகியவற்றையும், நம் நாட்டுச் சூழலில் அதனைக் கையாளவேண்டிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தளர்நிலை என்பது யாது?

முதுமையும் தளர்நிலையும் ஒன்றல்ல. எண்பது வயதிலும் வயலுக்குச் சென்று வருவோர் உள்ளனர். அறுபத்தைந்து வயதிலேயே நாற்காலியிலிருந்து எழ இயலாமற் போனவர்களும் உள்ளனர். உடலின் பல உறுப்புகளிலும் இருக்கவேண்டிய சேமிப்பு ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைந்து, ஒரு சிறு காய்ச்சலோ, மருந்து மாற்றமோ, இடறலோகூடத் தாங்க முடியாத நிலைக்கு உடல் வந்துவிடுவதையே மருத்துவர்கள் தளர்நிலை என்று குறிப்பிடுகின்றனர்.

அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரீடும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலே உடல் எடை குறைதல், அடிக்கடி சோர்வுணர்தல், கைப்பிடி வலிமை குறைதல், நடைவேகம் குறைதல், உடல் இயக்கம் சுருங்குதல் என்பன அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ காணப்படின் தளர்நிலை என்றும், ஒன்று அல்லது இரண்டு காணப்படின் தளர்நிலைக்கு முந்திய கட்டம் என்றும் கொள்ளப்படும். இந்தப் பாகுபாட்டில் ஒரு நம்பிக்கையும் அடங்கியுள்ளது. முந்திய கட்டத்தில் உள்ளவரை மீண்டும் நலநிலைக்குக் கொண்டுவர இயலும். தளர்நிலை அடைந்தவரையும் ஓரளவு மீட்க இயலும். இது ஒருவழிப் பாதை அன்று.

இந்தியாவில் 2017-18ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நெடுங்கால முதுமை ஆய்வின் முதற்சுற்றில், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000க்கும் மேற்பட்டோர் ஆராயப்பட்டனர். அவர்களிடம் வினாக்கள் கேட்டதோடு நில்லாமல், கைப்பிடி வலிமை, சமநிலை, நடைவேகம் ஆகியனவும் அளக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. உடலின் செயல்திறனை அளந்து பார்க்கும் வழக்கம் நம் நாட்டுப் பெரிய ஆய்வுகளிலும் இடம்பெற்றுவிட்டது.

பயிற்சியே மருந்து

தளர்நிலையைப் போக்கவல்ல மாத்திரை எதுவும் இன்றில்லை. உடற்பயிற்சியும் போதிய உணவும், குறிப்பாகப் புரதம் நிறைந்த உணவும் இதன் அடிப்படைச் சிகிச்சையாகும். பயன்படுத்தாத தசை எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதற்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். அமெரிக்காவில் நலமாக இருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவு தசைத்திசு குறைந்துபோனதாக 2007ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு காட்டியது. நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த முதியவர், நோய் தீர்ந்தும் நடக்க இயலாமல் வீடு திரும்புவதன் காரணம் இதனால் விளங்கும்.

மாறாக, முறையான பயிற்சியின் பயனும் உறுதிப்பட்டுள்ளது. 23,000க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வின்படி, இல்லங்களில் வாழும் முதியோரிடையே விழுதல்கள் பயிற்சியினால் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைகின்றன. சமநிலைப் பயிற்சியும், எழுதல், அமர்தல், படியேறுதல் போன்ற அன்றாட இயக்கப் பயிற்சிகளும் இதில் முதன்மையானவை.

பயிற்சி எது என்று தெரிந்திருந்தும் அது நடைபெறாமற் போவதே நடைமுறைச் சிக்கலாகும். ஒரே அசைவைப் பல நூறு முறை, பல வாரங்கள் செய்தாக வேண்டும். வலியும் அச்சமும் சலிப்பும் முதியவரைத் தடுக்கின்றன. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழுவோம் என்று அஞ்சி நடப்பதைக் குறைக்கிறார். நடப்பது குறைவதால் தசை மெலிகிறது. தசை மெலிவதால் மீண்டும் விழுகிறார். இச்சுழலை உடைக்க உதவுமா என்னும் நோக்கிலேயே மெய்நிகர்த் தொழில்நுட்பத்தை மதிப்பிடவேண்டும்.

மெய்நிகர் சூழல் இயங்கும் விதம்

கணிப்பொறியால் ஆக்கப்பட்ட காட்சியினுள் ஒருவர் தாம் இருப்பதாக உணரவும், தம் உடலசைவால் அக்காட்சியை மாற்றவும் செய்வதே மெய்நிகர் சூழல் எனப்படுகிறது. அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஐவன் சதர்லண்ட் 1968ஆம் ஆண்டிலேயே தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை அமைத்துக் காட்டினார். கூரையிலிருந்து தொங்கவிடவேண்டிய அளவுக்கு அது கனமாக இருந்தது. இன்றைய கருவிகளோ அரைக் கிலோ அளவுக்கு இலேசாகிவிட்டன.

மறுவாழ்வுப் பணியில் பயன்படும் அமைப்புகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் பயிற்சி பெறுவோர் ஒரு திரையின் முன் நின்றோ அமர்ந்தோ இயங்குவார். ஒரு கேமராவோ, பாதத்தின் கீழ் வைக்கப்படும் அழுத்தப் பலகையோ அவருடைய அசைவுகளை உணர்ந்து திரையிலுள்ள உருவத்தை அதற்கேற்ப நகர்த்தும். இதில் அவர் தம் அறையையும் தம் கால்களையும் காணமுடியும். இரண்டாம் வகையில் கண்களை முழுவதும் மூடும் காட்சிக் கருவியைத் தலையில் அணியவேண்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். சுற்றியுள்ள உண்மை உலகம் மறைந்துவிடும்.

பயிற்சியின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எழுந்து நிற்கத் தடுமாறும் ஒரு மூதாட்டிக்கு, நாற்காலியில் அமர்ந்தவாறே முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சி தேவை என்று கொள்வோம். வெறுமனே இருபது முறை நீட்டச் சொன்னால் எட்டாம் முறையில் அவர் நிறுத்திவிடக்கூடும். திரையில் ஓர் ஓடையும் அதில் வரிசையாகக் கற்களும் தோன்ற, ஒவ்வொரு முறை காலை உயர்த்தும்போதும் ஒரு கல்லைக் கடந்ததாகக் காட்டினால், அக்கரை சேரும் வரை அவர் தொடர்வார். எட்டாத உயரத்திலுள்ள கனியைப் பறிக்கக் கையை நீட்டுகையில், உடலின் எடை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறுகிறது. இதுவே சமநிலைப் பயிற்சி. தேறத் தேறக் கற்களின் இடைவெளியையும் கனியின் உயரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எத்தனை முறை செய்தார், எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதைக் கருவியே பதிவு செய்துவிடும்.

ஆய்வுகள் கூறுவது

இத்துறையில் நடந்த ஆய்வுகளுள் தெளிவான ஒன்று, 2016ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயிற்று. பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த இவ்வாய்வில், 60 முதல் 90 வயது வரையிலான 302 பேர் சேர்க்கப்பட்டனர். இவர்கள் அனைவரும் முந்திய ஆறு மாதங்களில் இருமுறையேனும் விழுந்தவர்கள். ஒரு பிரிவினர் டிரெட்மில் எனப்படும் நடைப்பயிற்சி இயந்திரத்தில் மட்டும் நடந்தனர். மற்றொரு பிரிவினர் அதே இயந்திரத்தில், எதிரே உள்ள திரையில் தோன்றும் தடைகளைத் தாண்டியும் வழியைத் தேர்ந்தும் நடந்தனர். இரு பிரிவினருக்கும் வாரம் மூன்று முறை, ஆறு வாரங்கள் பயிற்சி அளிக்கப்பட்டது.

பயிற்சிக்குப் பிந்திய ஆறு மாதங்களில், மெய்நிகர் சூழலுடன் நடந்தவர்களின் விழுதல் சராசரி 11.9இலிருந்து 6.0ஆகக் குறைந்தது. வெறும் நடைப்பயிற்சி பெற்றவர்களிடையே அது 10.7இலிருந்து 8.3ஆக மட்டுமே குறைந்தது. இரு பிரிவினரும் ஒரே அளவு நேரம் நடந்தவர்களாதலால், இந்த வேறுபாட்டுக்குத் தசைப் பயிற்சியைக் காரணமாகக் கூறுவதற்கில்லை. நடப்பது கால்களின் வேலை மட்டுமன்று, கவனத்தின் வேலையுமாகும். எதிரே வரும் மிதிவண்டியைப் பார்த்துக்கொண்டே சாக்கடையைத் தாண்டும்போதும், பேசிக்கொண்டே வாசற்படி இறங்கும்போதும் முதியவர்கள் விழுகின்றனர். இவ்வாறு கவனம் பிரியும் நிலைகளை உண்மைத் தெருவில் பயிற்றுவிப்பது ஆபத்தானது. திரையில் அதனை அச்சமின்றிப் பலமுறை பழக இயலும். மெய்நிகர்த் தொழில்நுட்பத்தின் தனிச்சிறப்பு இதுவேயாகும். இந்த ஆய்வில் பயன்பட்டது விலையுயர்ந்த தலைக்கருவி அன்று, திரையே என்பதையும் கருத்திற்கொள்ளவேண்டும்.

எனினும் இம்முடிவை எல்லா முதியோர்க்கும் பொருத்திவிடலாகாது. இவ்வாய்வில் பங்குகொண்டோர் விழும் இயல்பினர் ஆயினும் தாமே நடக்கக்கூடியவர்கள். படுக்கையில் விழுந்தவர்கள் அல்லர். மேலும், பக்கவாத நோயாளிகள் பற்றிய 72 ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கையின் இயக்கத்தை மீட்பதில் வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக மெய்நிகர்ப் பயிற்சியை அளிப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று கண்டது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டுவதற்குப் பயன்படுத்தினால் நன்மை தரக்கூடும் என்றும் அது கூறியது. மாற்றாக அன்றித் துணையாகக் கொள்ளும்போதே இத்தொழில்நுட்பம் பலன் தருகிறது என்பது இதனால் பெறப்படும்.

விளையாட்டில் கிடைக்கும் மதிப்பெண்ணும் உடல்நலத்தில் கிடைக்கும் முன்னேற்றமும் ஒன்றல்ல என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரு விளையாட்டைப் பலமுறை ஆடுபவர் அந்த விளையாட்டில் தேர்ச்சி பெறுவது இயல்பு. அத்தேர்ச்சி அவருடைய நடையில் தெரிகிறதா என்பதைத் தனியே அளக்கவேண்டும். கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர ஆகும் நேரம், நான்கு மீட்டர் தொலைவை நடக்க ஆகும் நேரம், பாதங்களைச் சேர்த்து நிற்கும் நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு 12 புள்ளிகளுக்கு மதிப்பிடும் எளிய சோதனை ஒன்று 1994ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழக்கில் உள்ளது. ஒரு நாற்காலி, ஓர் அளவு நாடா, ஒரு கைக்கடிகாரம் ஆகியவையே அதற்குப் போதும்.

பாதுகாப்பு முறைகள்

கண்கள் நகர்வதாகக் காட்ட, உட்செவியின் சமநிலை உறுப்போ உடல் அசையவில்லை என்று கூறும்போது மூளை குழம்புகிறது. இதனால் குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாகின்றன. பேருந்துப் பயணத்தில் சிலருக்கு நேர்வதும் இதுவே. தலைக்கருவியை அணிந்தவர் தம் பாதங்களையும் தரையையும் காண இயலாதாகையால், தளர்நிலையில் உள்ளவர் அதனை அணிந்து நிற்பதும் நடப்பதும் விழுதலை வரவழைப்பதாகும். ஆகவே, தலைக்கருவியை அமர்ந்த நிலையில் சில நிமிடங்களிலிருந்தே தொடங்கவேண்டும். நின்று செய்யும் பயிற்சிகளைத் திரையின் முன், பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், கையெட்டும் தொலைவில் ஓர் ஆளும் இருக்கும்போது மட்டுமே அளிக்கவேண்டும்.

பயிற்சிக்கு முன் மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது. நின்றவுடன் இரத்த அழுத்தம் குறைகிறதா, உறக்க மாத்திரை முதலிய மருந்துகளால் தள்ளாட்டம் நேர்கிறதா, கண்புரை உள்ளதா, பாதத்தில் உணர்விழப்பு உள்ளதா என்பவற்றை முதலில் அறியவேண்டும். வலிப்பு நோயும், கட்டுக்குள் வராத இதய நோயும், கடுமையான தலைச்சுற்றலும் உள்ளவர்களை மருத்துவரின் இசைவின்றிச் சேர்க்கலாகாது. ஒருவர் அணிந்த கருவியை மற்றவர்க்குத் தருமுன் தூய்மை செய்வதும் கட்டாயமாகும்.

இந்தியச் சூழல்

முதியோர் நலனுக்கான அமைப்புகள் நம் நாட்டில் படிப்படியாக உருவாகி வந்துள்ளன. 1999ஆம் ஆண்டில் முதியோருக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 2010-11ஆம் ஆண்டில் முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர்க்கெனப் பத்துப் படுக்கைகள் கொண்ட பிரிவு, சமுதாய நல மையங்களில் முதியோர் புறநோயாளர் பிரிவும் மறுவாழ்வுப் பணியும், கிராம அளவில் பணியாளர்கள் இல்லந்தேடிச் செல்லுதல் என்பன இத்திட்டத்தின் கூறுகளாகும். புதுதில்லியிலும் சென்னையிலும் தேசிய முதியோர் மையங்கள் அமைக்கவும் இதில் வழிசெய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தின் கீழ் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோர்க்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், மூக்குக்கண்ணாடி, செவித்துணைக் கருவி முதலியன வழங்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது.

எனினும், அக்காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. மறுவாழ்வுப் பயிற்சியோ வீடு திரும்பிய பின் வாரக்கணக்கில் தொடரவேண்டியது. அறுவைச் சிகிச்சைக்கு வழி கிடைத்து, அதன்பின் நடக்கப் பழகுவதற்கு வழி கிடைக்காமற் போனால், செலவிட்ட பொதுப்பணத்தின் பயனும் குறைந்துவிடும்.

இங்கு எளிய கணக்கு ஒன்றைக் காணலாம். ஓர் இயன்முறைச் சிகிச்சையாளர் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், ஒருவர்க்கு அரைமணி வீதம் பயிற்சியளித்தால் 12 பேரைக் கவனிக்கலாம். வாரத்தில் ஆறு நாளில் 72 முறை. ஒவ்வொருவர்க்கும் வாரம் மூன்று முறை தேவையெனில், அவரால் 24 பேரை மட்டுமே கவனிக்க இயலும். மாவட்டம் ஒன்றின் தேவைக்கு இது மிகச் சிறிது. சிகிச்சையாளர் மதிப்பீட்டையும் கடினமான பயிற்சிகளையும் தாமே செய்து, எளிய பயிற்சிகளைப் பயிற்சி பெற்ற உதவியாளரின் பார்வையில் திரையின் முன் இருவர் மூவராகச் செய்யவிட்டால், அதே பணியாளர்களைக் கொண்டு கூடுதலானோர்க்குப் பயிற்சி அளிக்கலாம். கருவி சிகிச்சையாளரின் இடத்தைப் பிடிப்பதற்காக அன்று. அவருடைய உழைப்பைப் பெருக்குவதற்காகவே தேவைப்படுகிறது. சிகிச்சையாளரே இல்லாத இடத்தில் வாங்கி வைக்கப்படும் கருவி அலமாரியில் உறங்கும்.

நம் நாட்டுக்கேற்ற பயிற்சிகளை நாமே அமைத்துக்கொள்வதும் அவசியம். வெளிநாட்டு விளையாட்டுகளில் பனிச்சறுக்கும் பந்துருட்டும் ஆட்டமும் இடம்பெறுகின்றன. நம் முதியோர்க்கு வேண்டுவதோ தரையில் அமர்ந்து எழுதல், குந்தி எழுதல், ஈரமான தளத்தில் வெறுங்காலுடன் நடத்தல், கைப்பிடியற்ற உயரமான படியில் ஏறுதல் ஆகியவற்றுக்கான ஆற்றல். அறிவுரைகள் அவரவர் தாய்மொழியில், எழுத்தறியாதவரும் பின்பற்றும் வண்ணம் குரலாக ஒலிக்கவேண்டும். இத்திசையில் உள்நாட்டு முயற்சிகள் இல்லாமல் இல்லை. காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பக்கவாத நோயாளிகளின் சமநிலைக்கான மெய்நிகர்ப் பயிற்சி அமைப்புகள் ஆராயப்பட்டுள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து, கணினி விளையாட்டுகளுடன் கைப்பயிற்சி அளிக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கியுள்ளன.

கொள்முதல் செய்வோர் கருதவேண்டியவை

உலகெங்கும் ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட கினெக்ட் என்னும் அசைவுணர் கேமரா 2010ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது; 2017ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அக்கருவியை மட்டுமே நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு இது பெரும் இடராயிற்று. வீட்டுப் பொழுதுபோக்குக்கென ஆக்கப்படும் கருவிகளின் ஆயுள் குறுகியது என்பதை இதிலிருந்து உணரலாம். ஆகவே, எந்தக் கருவியிலும் இயங்கக்கூடிய மென்பொருள், பழுது நீக்கும் பொறுப்பு, பணியாளர்க்குப் பயிற்சி, நோயாளிகளைப் பற்றிய பதிவுகளின் மறைகாப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

முன்னுரிமை வரிசையும் தெளிவாக இருக்கவேண்டும். முதலாவது, சிகிச்சையாளரும் உதவியாளரும். இரண்டாவது, நாற்காலி, இணைக் கைப்பிடிக் கம்பிகள், எடைப்பைகள், வழுக்காத தளம். மூன்றாவது, திரையும் கேமராவும் கொண்ட எளிய அமைப்பு. தலையில் அணியும் கருவிகள் இவற்றுக்குப் பின்னரே, முதலில் மருத்துவக் கல்லூரிகளிலும் தேசிய மையங்களிலும் ஆராயப்பட்டு, பின்னர் மாவட்டங்களுக்குச் செல்லலாம். ஒவ்வொரு மையமும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எழுந்தமரும் நேரத்தையும் நடைவேகத்தையும் விழுதல்களையும் குறித்து வருமாயின், செலவுக்கேற்ற பயன் கிடைக்கிறதா என்பதை ஓராண்டிலேயே கணக்கிட்டுவிடலாம்.

ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தை நலமிக்க முதுமைக்கான பத்தாண்டாக அறிவித்துள்ளது. நோயின்மையை மட்டும் நலம் என்று கொள்ளாமல், ஒருவர் தாம் மதிக்கும் செயல்களைச் செய்யவல்ல ஆற்றலையே நலம் என்று கொள்வது அதன் அடிப்படைக் கருத்தாகும். மெய்நிகர் சூழலில் ஓடையைக் கடந்த மூதாட்டி, தம் வீட்டு வாசற்படியைத் துணையின்றிக் கடந்தாரா என்பதே இத்தொழில்நுட்பத்தை அளக்கவேண்டிய அளவுகோல். அவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பணியாளரையும் பயிற்சியையும் முன்னிறுத்திச் செயற்படும் மாவட்டங்களில், இப்புதிய கருவி முதியோர்க்கு உற்ற துணையாக அமையும்.